பறியின் வாய் மேலே இருக்க வேண்டும்

பழவேற்காட்டுக்கு வந்துபோகும் ஓவியர்களுக்கும், சிற்பிகளுக்கும், புகைப்படக்காரர்களுக்கும், அவர்கள் வேலையைக் காட்சிக்கு வைப்பவர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் மாட்டியிருந்த பறி தலைகீழாக இருந்தது. மற்றதெல்லாம் பிறகு. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

அது என் அம்மாவின் பறி. பனையோலையில் முடைந்தது, வயிறு பருத்து, கழுத்து குறுகியது. அதன் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் அம்மா ஏரிக்குள் இறங்குவாள். இரண்டு கையும் சேற்றைத் துழாவ வேண்டும். பறியைப் பிடிக்க வாயை விட்டால் வேறு வழியில்லை. இறால் தட்டுப்பட்டால் பறிக்குள் போகும். கெளுத்தி தட்டுப்பட்டால் அன்றைக்கு முள் குத்தி வீங்கின கையோடு வீட்டுக்கு வருவாள். நாற்பது வருடமாக இதுதான் பிழைப்பு. உங்களில் ஒருவர் வந்து, காலநிலை மாற்றம் பற்றிக் காட்சி வைக்கிறோம், பழைய பறி ஒன்று வேண்டும் என்று கேட்டார். அம்மா கையிலிருந்ததையே எடுத்து நீட்டிவிட்டாள். காசு வாங்கவில்லை. மறுநாள் பறி இல்லாமல் பக்கத்து வீட்டில் இரவல் கேட்டு நின்றாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

காட்சி சென்னையில் நடந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில், அப்புறம் ஆட்டோ. ஏ.சி. போட்ட கூடம், வெள்ளைச் சுவர், மேலேயிருந்து ஒரே ஒரு விளக்கு. அந்த வெளிச்சத்தில் பறி தொங்கியது. கீழே தரையில் நீலக் கண்ணாடித் துண்டுகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

“இன்னாடி இது, பறியைக் கவுத்து மாட்டிக்கிறாங்க? எறா அத்தினியும் கீழ கொட்டிப்பூடுமே.”

அவ்வளவுதான். வேறெதையும் அவள் பார்க்கவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் மட்டும் நின்று பக்கத்திலிருந்த அட்டையைப் படித்தேன். கலைஞரின் பெயர், தலைப்பு, ஆண்டு, பிறகு செய்பொருள்: பனையோலை, கண்ணாடி, கண்டெடுத்த பொருள். இங்கிலீஷில் இருந்ததால் பிழைத்தேன், அம்மாவுக்குச் சொல்லவில்லை. கண்டெடுத்ததாம்! கேட்டு வாங்கிக்கொண்டு போனதல்லவா அது?

நான் ஓவிய ஆசிரியை. எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படித்தேன். உங்கள் பாஷை எனக்கு அந்நியமில்லை. இன்ஸ்டலேஷன், கான்செப்ட் நோட், ரெசிடென்சி எல்லாம் தெரியும். ‘கலைஞர்கள் எதற்கு இங்கே வருகிறார்கள், வந்து என்ன கிழித்தார்கள்’ என்று ஊரில் யாராவது கேட்டால், உங்கள் பக்கம் நின்று பேசுகிறவளும் நான்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன். வராதீர்கள் என்று சொல்ல எழுதவில்லை.

ஆனால் நீங்கள் வந்து எடுத்துப் போவது என்ன? நானே கணக்கு வைத்திருக்கிறேன். பூநாரை. ரிப்பேருக்குக் கவிழ்த்துப் போட்ட படகு. டச்சுக் கல்லறையின் மண்டை ஓடு. கிழிந்த வலை. ஒரே வருடத்தில் மூன்று பேர் கிழிந்த வலை கேட்டு வந்து, கோழிக்கூட்டை மூடவும் அவரைக்கொடி ஏற்றவும் வைத்திருந்த வலைக்கெல்லாம் விலை ஏறிப்போயிற்று. அந்த வலைகள் எங்கோ ஒரு கூடத்தில் தோரணமாகத் தொங்கும்போது, பக்கத்து அட்டையில் தவறாமல் இருக்கும் வாசகம்: ‘உயரும் கடல்’.

இங்கேதான் எனக்கு உங்களோடு சண்டை.

கடல் உயர்கிறது, மறுக்கவில்லை. 1901-க்கும் 2018-க்கும் நடுவே உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதாக ஐ.நா.வின் காலநிலைக் குழு சொல்கிறது. எங்கள் அளவில் சொன்னால் ஏறக்குறைய ஒரு சாண். நூறு வருடத்துக்கு மேலாக ஒரு சாண் ஏறின கடல், எங்கள் தெற்குப் பக்கக் குப்பங்களில் ஒரு தலைமுறைக்குள் தெருவையே எடுத்துக்கொண்டு போனது எப்படி? வயதான எந்த மீனவரைக் கேட்டாலும் மணல் கணக்கைச் சொல்வார். வருடத்தில் பெரும்பகுதி இந்தக் கரையில் மணல் தெற்கேயிருந்து வடக்கே நடந்துகொண்டிருக்கும். நடுவில் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் எழுப்பினால், சுவருக்குத் தெற்கே மணல் மேடு போடும். வடக்கே கரை அரிக்கும். நீங்கள் சுண்டல் தின்னும் மெரினா மணலே சென்னைத் துறைமுகத்துச் சுவர் பிடித்து வைத்த மணல்தான். அந்த அகலமான கடற்கரைக்கு விலை கொடுத்தது வடக்கேயிருந்த ராயபுரமும் திருவொற்றியூரும். பிறகு எண்ணூரில் ஒரு துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் ஒன்று. அதற்கும் வடக்கே யார் இருக்கிறார்கள்? நாங்கள்.

இதற்குப் பெயர் ‘காலநிலை’ என்று நீங்கள் எழுதி வைத்தால், சுவரைக் கட்டினவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். காலநிலையின் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. அதைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கவும் முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இது எல்லாருக்கும் பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும். மழை கொட்டியது காலநிலை என்றே வைத்துக்கொள்வோம். அந்த வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கிளம்பி வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்ததே, அதுவும் வானத்திலிருந்து பெய்ததா? அலையாத்திச் செடிகளில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு வளையம். ஆட்கள் படகில் உட்கார்ந்து, மக்கால் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை வைத்துச் செய்து, அடுத்த வருடம் நான் பார்த்த ஒரு வேலையின் தலைப்பு ‘இயற்கையின் சீற்றம்’. தலையில் அடித்துக்கொண்டேன்.

ஏரியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே உள்ளதைத்தான் பார்க்கிறீர்கள். சில்காவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் மட்டும் நமக்கு. ஆழமோ பல இடங்களில் இடுப்பளவுக்கு மேல் இல்லை. இந்தத் தட்டுத் தண்ணீர் உயிரோடு இருப்பது முகத்துவாரத்தால். இறால் கடலில் பொரியும். குஞ்சாக முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்ததும் திரும்பக் கடலுக்குப் போகும். போகிற வழியில்தான் எங்களுக்குச் சோறு. மழைக்கு ஆரணியாற்றுத் தண்ணீர் உள்ளே வர வேண்டும், வெயிலுக்குக் கடல்தண்ணீர் உள்ளே வர வேண்டும். முகத்துவாரம் மணல் மூடினால் கோடையில் ஏரி உப்பு முற்றிப்போகும். மழையில் வெள்ளம் வடியாமல் ஊருக்குள் ஏறும். வருடக்கணக்காகக் கத்திய பிறகு அரசாங்கம் 26.85 கோடி ரூபாயில் முகத்துவாரத்தை நிலைப்படுத்துவதாகச் சொல்லி வேலையை எடுத்தது. நல்லது. ஆனால் ஏரியின் மூச்சுக்குழலான இந்தக் கழுத்துத் திறந்திருந்த வருடங்கள் எவை, அடைபட்ட வருடங்கள் எவை, எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நகர்ந்தது? ஊரில் ஒருவரிடமும் வரிசையாக வரைந்து வைத்த கணக்கு இல்லை. வாயில் இருக்கிறது, தாளில் இல்லை. எதிரே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏறும் நாளில் எங்களைக் கடலுக்குள் போகாதே என்கிறார்கள். சரி என்று கரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறோம். அதில் ஏறிப்போகும் செயற்கைக்கோள் மேலேயிருந்து எங்கள் கரையையும் சேர்த்துத்தான் படம் எடுக்கிறது. அந்தப் படம் எங்கள் கைக்கு வந்ததில்லை.

தாளில் இல்லாதது இல்லாதது என்றாகிவிடும். அதற்கு எங்கள் ஊரைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

டச்சுக்காரர்கள் இங்கே 1613-இல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இன்றைக்குப் புதர். ஆனால் கல்லறை நிற்கிறது. நீங்கள் எல்லாரும் முதலில் போகும் இடம் அது. வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பம், உள்ளே பூவேலை செய்த கல். நானும் மாணவர்களைக் கூட்டிப்போய் அங்கே உட்கார்ந்து வரையச் சொல்வேன். யார் செத்தார், எந்தத் தேதியில், எத்தனை வயதில் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நானூறு வருடம் கழித்தும் ஒரு வணிகரின் பெயரை எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறது. அதே காலத்தில் இதே துறையிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ், தெலுங்கு ஜனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் இந்த ஊரில் இல்லை. ஒரு கல் இல்லை. நீங்கள் வரைவது கல் உள்ளவர்களின் கல்லறையைத்தான்.

இப்போது உங்கள் படங்களுக்குக் கீழே இருப்பதை யோசித்துப் பாருங்கள். ‘மீனவப் பெண், பழவேற்காடு.’ ‘பெயரிடப்படாதது - 7.’ அந்தப் பெண்ணுக்குப் பெயர் உண்டு. ஆதாரில்கூட இருக்கிறது.

எல்லாரையும் ஒரே தராசில் போடவில்லை. நல்லதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே பொறுக்காது. 2017 ஜனவரியில் ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வந்தது. கபேர் வாசுகி எழுத, டி.எம். கிருஷ்ணா பாடினார். பின்னணியில் சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் போன்றவர்கள் எண்ணூரில் செய்த பல வருட வேலை இருந்தது. கர்நாடக ராகத்தில் சென்னைத் தமிழ்; சாம்பல் மேட்டின் நடுவே, முகமூடி மாட்டிக்கொண்டு ஒரு பாடகர். அதை எங்கள் ஊர்ப் பையன்கள் போனில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஏன் பிடித்தது? அதில் ‘பூமித்தாய் அழுகிறாள்’ கிடையாது. எந்த ஆறு, எந்தச் சாம்பல், எந்த நிலம் என்று கைநீட்டிக் காட்டியது. ஊரில் வசவாகப் புழங்கிய ஒரு சொல்லை எடுத்து, இது எல்லாருக்கும் பொதுவான நிலம் என்ற அதன் பழைய அர்த்தத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதற்கு முன்பே, 2015-இல், அதே கூட்டத்தார் சென்னையின் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கலை விழா தொடங்கினார்கள். சபாவுக்குப் போகாத ஜனங்களிடம் சபாவே வந்தது. அதில் குறை சொல்கிறவர்கள் உண்டு. நான் குறை சொல்ல மாட்டேன். மண்ணில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்டவள் நான்.

தூரத்து ஊரிலும் ஒரு வேலை எனக்குப் பிடிக்கும். கலைஞர் ஓலாஃபர் எலியாசன் கிரீன்லாந்திலிருந்து 12 பனிப்பாறைத் துண்டுகளைக் கொண்டுவந்து 2015 டிசம்பரில் பாரிஸ் நகரத்துச் சதுக்கம் ஒன்றில் வட்டமாக வைத்தார். ஜனங்கள் தொட்டுப் பார்த்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், அது உருகி ஓடியது. வகுப்பில் இதைப் படத்தோடு சொன்னபோது ஒரு பையன், “ஐஸ் கட்டி உருகுறதுக்கு எதுக்கு டீச்சர் பாரிஸ்? சாயங்காலம் ஏலக்கூடத்துக்கு வந்தா தெரியுமே” என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அந்தத் தேதியைக் கவனிக்கச் சொன்னேன். அந்த வாரம் அந்த நகரத்தில்தான் உலக நாடுகள் உட்கார்ந்து காலநிலை ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தன. முடிவெடுக்கிறவர்கள் காரை விட்டு இறங்கும் ஊரில், அவர்கள் பேசிக்கொண்டிருக்கும் நாளிலேயே, பனி உருகிக்கொண்டிருந்தது. அந்த வேலையில் எனக்குப் பிடித்தது அந்த நேரமும் அந்த இடமும்தான்.

நம் பக்கம் நேரமும் இடமும் நழுவிப்போன கதைதான் அதிகம். சென்னையின் ஆறுகளைப் பற்றிய ஒரு பெரிய கலைத் திட்டம் கூவம் கரையிலேயே வைப்பதாக இருந்து, கடைசியில் 2018-இல் லலித் கலா அகாதெமிக் கூடத்துக்குள் போய் முடிந்தது. வேலைகள் நன்றாகத்தான் இருந்தன. கூவமும் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் கூவம் கரையிலிருந்து வீடு பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் அதற்குள் ஊருக்கு வெளியே போயிருந்தன. 2020-இல், அப்படிப் பெயர்க்கப்பட்டவர்களைக் குடியேற்றிய கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். அழகுதான், குழந்தைகள் சிரிக்கும் முகங்கள். கரையிலிருந்து தூக்கிப் போடப்பட்டவர்களின் சுவருக்கு வர்ணம் வந்துவிட்டது. அவர்களைத் தூக்கிப் போடச் சொல்லி ஆணை எழுதிய நாளில் அங்கே ஒரு தூரிகையும் இல்லை. நாளைக்கு எங்கள் குப்பத்துக்கும் ஒரு அடுக்குமாடி வரும், அதற்கும் வர்ணம் அடிக்க யாராவது வருவார்கள் என்ற பயம் எனக்கு உண்டு. வந்தவர் நல்லவராகவும் இருப்பார்; அதுதான் வயிற்றெரிச்சல்.

இன்னொன்று. எங்களைப் புனிதராக்கவும் வேண்டாம். ‘பாடு’ முறையைப் பற்றிக் கேள்விப்பட்டு வருகிறவர்கள் அதிகம். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்கள் ஏரியில் வலை வைக்கும் இடங்களை முறைபோட்டுப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. இன்றைக்கு உனக்கு இந்த இடம், நாளைக்கு எனக்கு. நல்ல இடம் ஒருத்தனுக்கே போய்விடாது. ஏரியையும் சுரண்டித் தீர்த்துவிட முடியாது. உலகப் பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சி செய்கிற அளவுக்கு நேர்த்தியான ஏற்பாடு. ஒரு நண்பர் இதைப் பெரிய கான்வாஸில் வட்டவட்டமாக, கோலம் போல வரைந்தார். கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் பாட்டில் பங்கு ஆண் தலைக்கட்டுக்குத்தான். பெண்ணுக்குக் கிடையாது. பாடு முறையை நடத்தும் சாதியைச் சேராதவருக்கும் கிடையாது. கையால் துழாவி இறால் எடுக்கும் என் அம்மா அந்தக் கோலத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. வரைந்தவரிடம் சொன்னேன். ‘அது படத்தின் ஒருமையைக் கெடுக்கும்’ என்றார். கெடட்டுமே! எங்களுக்குள் இருக்கும் பள்ளத்தையும் சேர்த்து வரைந்தால்தான் அது எங்கள் ஏரி.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. இப்போது சுமார் 330 ஏக்கரில் இருக்கும் அதை 6,110 ஏக்கராக விரிக்கத் திட்டம். அதில் 2,000 ஏக்கர் அளவுக்குக் கடலையே தூர்த்து எடுக்கும் நிலம். இதற்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 2021 ஜனவரியில் தேதி குறித்தார்கள், தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் குறித்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. இந்தத் திட்டத்துக்கோ வேறொன்றுக்கோ இன்னொரு தேதி வராமலா போகும்? சட்டப்படி கூட்டத்துக்கு முன் 30 நாள் அவகாசம் உண்டு. அந்த 30 நாளில் எங்கள் கைக்கு வருவது இங்கிலீஷில் ஒரு தலையணை அறிக்கையும் தமிழில் அதன் சுருக்கமும். சுருக்கத்தில் எங்கள் கரை ‘தரிசு’ என்றோ ‘மணற்பாங்கான பகுதி’ என்றோ ஒரு வரியில் முடிந்துவிடும். கூட்டத்தில் மைக் கிடைத்தால் எங்கள் ஆட்கள் அழுவார்கள், திட்டுவார்கள். ‘உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார்கள்’ என்று குறிப்பில் எழுதிக்கொள்வார்கள்.

அந்த 30 நாளில் நீங்கள் இங்கே வேண்டும். வலையை வாங்கிப்போக வேண்டாம். அளந்து காட்ட வாருங்கள். 6,110 ஏக்கர் என்றால் எவ்வளவு என்று எங்களில் யாருக்கும் கண்ணில் நிற்பதில்லை. சுமார் 25 சதுர கிலோமீட்டர் என்றாலும் நிற்பதில்லை. சுண்ணாம்புக் கோட்டில், கொடி நட்டு, மணலில் வரைந்து, எந்த இடத்தில் சுவர் வரும், அதன் வடக்கே எந்தக் குப்பம் நிற்கும் என்று கால் வைத்து நடந்து பார்க்கும்படி செய்யுங்கள். ஊரே நடக்கட்டும். அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்தையும் எங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து படமாக்குங்கள். இடத்தைப் பார்வைக்குக் கொண்டுவருவது உங்கள் தொழில். உங்களைவிட யாருக்கு அது நன்றாக வரும்?

அதுவரைக்கும் செய்ய வேறு வேலை இருக்கிறது. மூன்று வருடமாக நான் வீடு வீடாகப் போய்க் கல்யாண ஆல்பம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை, பெண் முகத்தைப் பார்க்க இல்லை, அவர்களுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க. கடலோரக் குப்பம் ஒன்றில் 1994-இல் நடந்த ஒரு கல்யாணம்: பெண்ணுக்குப் பின்னால் மூன்று வரிசைத் தென்னை, அதற்குப் பின்னால் காயப்போட்ட வலை, அதற்கும் அப்பால் மேடேற்றி வைத்த கட்டுமரம், அதற்கப்புறம்தான் கடல் ஒரு நீலக் கோடாகத் தெரிகிறது. அதே வீட்டில் கடைசித் தம்பியின் கல்யாணம் 2009-இல். அதே திண்ணை, அதே பக்கம் பார்த்து நிற்கிறார்கள். ஒரே ஒரு வரிசைத் தென்னை. அலை நுரை மாப்பிள்ளையின் தோளுக்கு மேலேயே தெரிகிறது. இன்றைக்கு அந்தத் திண்ணை இல்லை. கல்யாணப் பத்திரிகையில் தேதி அச்சாகியிருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எடுத்தவர் பொன்னேரி ஸ்டூடியோக்காரர். கடலை எடுக்கிறோம் என்று அவருக்கே தெரியாது.

இந்தப் படங்களைப் போனில் பிடித்து, பிரிண்ட் போட்டு, தேதி எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டி வைத்தேன். மழையில் ஊறி, பாதி உரிந்து வந்துவிட்டது. நல்ல ஸ்கேனர் இல்லை. பூஞ்சை பிடித்த ஆல்பத்தைப் பிரிக்கும் பக்குவம் எனக்குத் தெரியாது. பழைய படத்தில் தெரியும் கோயில் கோபுரத்தையோ கலங்கரை விளக்கையோ வைத்து, எடுத்த இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்து, அதே இடத்தில் நின்று மறுபடி எடுக்கும் வித்தை உங்களில் புகைப்படக்காரர்களுக்குத் தெரியும். வந்து எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். வருடத்துக்கு நான்கு முறை, அமாவாசை ஓதத்தில், அதே இடத்தில் நின்று அவர்களே எடுக்கட்டும். பத்து வருடம் எடுத்தால் அது கண்காட்சியாகவும் இருக்கும், வழக்கில் காட்டும் ஆவணமாகவும் இருக்கும். உங்கள் பெயரும் அதில் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. பிள்ளைகள் பெயரும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

புதிதாக எதைச் செய்தாலும் முதலில் இங்கே காட்டுங்கள். வலைபின்னும் கூடத்தில் இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆள் இருப்பார்கள். அட்டையைத் தமிழில் எழுதுங்கள். நிச்சயம் யாராவது எதையாவது தலைகீழ் என்று சொல்வார்கள். அதைத் திருத்திக்கொண்டு நகரத்துக்கு எடுத்துப் போங்கள், வெளிநாட்டுக்கும் எடுத்துப் போங்கள். ஒரு பிரதி இங்கே இருக்க வேண்டும். அதற்கு ஒரு இரும்பு பீரோ கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். ‘காலநிலை’ என்ற சொல்லைப் போட விரும்பினால் போடுங்கள். பக்கத்திலேயே எந்தக் குப்பம், எந்த வருடம், எந்தச் சுவர் என்றும் எழுதுங்கள். மனத்தாங்கல் வந்தாலும் எழுதுங்கள். உங்கள் கண்காட்சிக்குப் பணம் தருகிறவர் அந்தச் சுவரோடு சம்பந்தப்பட்டவராக இருந்தால், எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும். அப்போது எங்கள் வலையைக் கேட்டு வராதீர்கள், அது போதும்.

பங்குனி, சித்திரையில் வாருங்கள். வெயில் கொளுத்தும், பூநாரைக் கூட்டமும் குறைந்திருக்கும், டூரிஸ்ட் தொல்லை இருக்காது. ஏரி உப்பு முற்றிக் கிடப்பதை அப்போதுதான் நாக்கில் வைத்துப் பார்க்க முடியும். பஸ் நிலையத்தில் இறங்கி ஓவிய டீச்சர் வீடு எது என்று கேட்டால் சொல்வார்கள்.

அம்மா புதுப் பறி முடைந்துவிட்டாள். பழையதைக் காட்சிக்கு வைத்தவர்கள் விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வாங்கினவர் யாரென்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பரவாயில்லை, அவர் வீட்டிலேயே இருக்கட்டும். உங்களில் யாருக்காவது அவரைத் தெரிந்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: கயிற்றை அவிழ்த்து, வாய் மேலே பார்க்கும்படி திருப்பிக் கட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழவேற்காட்டு ஓவிய ஆசிரியை ஒருத்தி